வெட்கப்படும் உரிமை: தொலைதூர அணியும் அதன் ரசிகரும்

இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் கால்பந்து ஆட்டத்தை இங்கிலாந்துக்காரர் தன் வீட்டுத் தொலைக்காட்சியில் நேரலையாகப் பார்க்க முடியாது. 2.45 முதல் 5.15 வரை நேரலைக்குத் தடை. 1960-களில் பர்ன்லி அணியின் தலைவராக இருந்த பாப் லார்டு முன்னின்று கொண்டுவந்த ஏற்பாடு இது. பெரிய அணிகளின் ஆட்டம் வீட்டுக்கே வந்துவிட்டால் சிற்றூர் அணிகளின் மைதானத்துக்கு யார் டிக்கெட் வாங்கி வருவார்கள் என்பது அவர் கவலை. அதே ஆட்டம் தருமபுரி மாவட்டத்துத் தொப்பூரில் குளிர்காலத்தில் இரவு எட்டரைக்கும் கோடையில் ஏழரைக்கும், முறையாகச் சந்தா கட்டியவரின் கைபேசியில் ஓடுகிறது. மைதானத்திலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தும் டிக்கெட் கிடைக்காத மான்செஸ்டர்க்காரர் வானொலி வர்ணனையைக் கேட்டுக்கொண்டிருப்பார். தேசிய நெடுஞ்சாலை 44-இல், கணவாய் இறக்கத்தில் லாரிகள் உறுமும் ஊரில் இருக்கும் ஒருவர் அந்த கோலைக் கண்ணாலேயே பார்த்துவிடுவார்.

தொப்பூரில் ஓர் இளைஞர் மான்செஸ்டர் யுனைடெடையோ லிவர்பூலையோ தன் அணி என்று சொல்லிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கேள்வி வரும். வீட்டில் கேட்பது: "அவனுக்கும் உனக்கும் என்னப்பா சம்பந்தம்?" இங்கிலாந்தில் கேட்பது இன்னும் கடுமை. இப்படிப்பட்டவர்களுக்கு அங்கே 'பிளாஸ்டிக்' ரசிகர் என்று பட்டப்பெயரே இருக்கிறது; ஜெயிக்கிற பக்கமாகப் பார்த்து ஒட்டிக்கொண்ட போலி என்று அர்த்தம். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை. அணி என்பது ஊரின் சொத்து, ஊரில் பிறந்தவர்தான் அதற்கு வாரிசு.

இந்த நம்பிக்கை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. மான்செஸ்டர் யுனைடெட் 1878-இல் நியூட்டன் ஹீத் ரயில் பட்டறைத் தொழிலாளர்கள் தொடங்கிய அணி. ஆர்சனல் 1886-இல் வூல்விச் ஆயுதச் சாலைத் தொழிலாளர்களுடையது. வெஸ்ட் ஹாம், தேம்ஸ் கரையிலிருந்த கப்பல் கட்டும் பட்டறை ஒன்றிலிருந்து 1895-இல் பிறந்தது. பட்டறைச் சங்கு ஊதியதும் மைதானத்துக்குப் போனவர்களின் ஆட்டம் அது. ஆனால் ஆர்சனலையே பாருங்கள். 1913-இல் அது தேம்ஸ் நதிக்குத் தெற்கே இருந்த தன் ஊரை விட்டுவிட்டு வட லண்டன் ஹைபரிக்குக் குடிபெயர்ந்தது. இன்று வட லண்டன்தான் தன் பூர்வீகம் என்று பாடும் ஆர்சனல் ரசிகரின் பாட்டன் காலத்தில் அந்த அணி அங்கே வந்தேறி. விம்பிள்டன் கதை நேர் எதிர். அந்த அணியைத் தொண்ணூறு கிலோமீட்டருக்கு அருகில் தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸுக்கு நகர்த்த 2002-இல் அனுமதி கிடைத்ததும், ரசிகர்கள் உரிமமும் பெயரும் போனால் போகட்டும் என்று ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற புதிய அணியை அடிமட்ட லீக்கிலிருந்து தொடங்கினார்கள். அணி ஊரைத் தேர்ந்தெடுப்பதும் உண்டு, ஊர் அணியைக் கைவிடுவதும் உண்டு. பிறப்புச் சான்றிதழை மட்டும் வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

சமூகவியலாளர்கள் இதை வகை பிரித்துத் தீர்க்கப் பார்த்தார்கள். ரிச்சர்டு ஜூலியானோட்டி 2002-இல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பற்றின் சூட்டை ஓர் அச்சிலும், மரபா நுகர்வா என்பதை இன்னோர் அச்சிலும் வைத்து நான்கு வகை மனிதர்களை அவர் வரைந்தார். மரபும் சூடும் சேர்ந்தவர் ஆதரவாளர். அவருக்கு மைதானம் குலதெய்வக் கோயில் மாதிரி. மரபு உண்டு, சூடு குறைவு என்றால் பின்தொடர்பவர். சூடு உண்டு, ஆனால் உறவு சந்தை வழியாக மட்டுமே என்றால் விசிறி. ஜெர்சி, சந்தா, நட்சத்திர வீரர் இவையே அவர் உலகம். இரண்டும் இல்லாமல் தொலைக்காட்சி அலைவரிசைகளில் உலாவிக்கொண்டே அணி மாற்றுபவர் நான்காமவர். படம் தெளிவாக இருக்கிறது. எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருப்பவருக்கு அணியோடு இருக்கும் ஒரே வழி திரை, திரைக்குப் பின்னால் இருப்பது சந்தை. எனவே தொப்பூர்க்காரர் எவ்வளவு உருகினாலும் இந்த வரைபடம் அவரை 'நுகர்வோர்' பக்கமே தள்ளும். டிக்கெட், ஜெர்சி, மதுபானம் என்று தலைமுறைகளாகப் பணம் கொட்டிய மான்செஸ்டர்க்காரரை மட்டும் அது 'மரபு' என்று அழைக்கும். இருவரும் பணம்தான் கட்டுகிறார்கள். ஒருவர் வாயிலில், மற்றவர் கைபேசியில். 2022–25 ஒளிபரப்புச் சுற்றில் பிரீமியர் லீகின் வெளிநாட்டு உரிமத் தொகை உள்நாட்டுத் தொகையையே தாண்டிவிட்டது.

உளவியலாளர்கள் வேறு பக்கமாகப் போனார்கள். ராபர்ட் சியால்டினியும் அவர் குழுவினரும் 1976-இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஏழில் நடந்தது. விளையாட்டும் அமெரிக்கக் கால்பந்து, நம்முடைய கால்பந்து இல்லை. வார இறுதியில் தங்கள் பல்கலைக்கழக அணி ஜெயித்தால் திங்கட்கிழமை வகுப்புக்குப் பல்கலைக்கழகப் பெயர் போட்ட சட்டையில் வருபவர்கள் கூடினார்கள். தொலைபேசியில் கேட்டபோது வெற்றியை "நாங்க ஜெயிச்சோம்" என்றார்கள். தோல்வி என்றால் "அவங்க தோத்துட்டாங்க" என்று நழுவினார்கள். அடுத்தவர் வெளிச்சத்தில் குளிர் காய்வது என்ற இந்தக் குணத்தை நாம் ஆய்வு செய்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தேர்தல் முடிவு வந்த மறுநாள் எந்தத் தெருமுனையிலும் பார்க்கலாம். 1990-இல் டேனியல் வானும் நைலா பிரான்ஸ்கோமும் இதை ஒரு படி நகர்த்தினார்கள். தோல்வியில் விலகுவது எல்லோர் குணமும் இல்லை, அணியோடு தன் அடையாளத்தை இறுகக் கட்டிக்கொண்டவர் விலகுவதில்லை என்று காட்டினார்கள். 1993-இல் அவர்கள் அமைத்த அளவுகோலில் ஏழு கேள்விகள். அணி ஜெயிப்பது உனக்கு எவ்வளவு முக்கியம், உன் நண்பர்கள் உன்னை அதன் ரசிகராகப் பார்க்கிறார்களா, எதிரணியை எவ்வளவு வெறுக்கிறாய் என்ற தினுசில் போகும். எந்த ஊர்க்காரர் என்ற கேள்வி அதில் கிடையாது.

இந்த அளவுகோலில் தொப்பூர்க்காரர் முழு மதிப்பெண் வாங்க முடியும். ஜெயிக்கிற பக்கம் ஒட்டிக்கொண்டவர் என்ற பழியும் அவ்வளவு எளிதில் நிற்காது. இந்தியாவில் ஆங்கில லீக் வீட்டுக்குள் வந்தது 1990-களின் கேபிள் டிவியில், இ.எஸ்.பி.என்., ஸ்டார் ஸ்போர்ட்ஸ் வழியாக. அலெக்ஸ் ஃபெர்குசனின் யுனைடெட் கோப்பைகளை அள்ளிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது ஒட்டிக்கொண்டவர்களைச் சந்தேகிக்கலாம், நியாயம்தான். 2013 மே மாதம் ஃபெர்குசன் 13-ஆவது பிரீமியர் லீக் பட்டத்தோடு ஓய்வு பெற்றார். அதன் பிறகு பத்தாண்டுகளுக்கும் மேலாக அந்த அணி லீக் பட்டத்தைத் தொடவில்லை. இன்று இருபது வயதில் யுனைடெட் ஜெர்சி போட்டுத் திரிபவர், விவரம் தெரிந்த நாளிலிருந்து அது சாம்பியனாகிப் பார்த்ததே இல்லை. ஆர்சனலை 2004-க்குப் பிறகு பிடித்துக்கொண்டவர் இருபது ஆண்டுக்கும் மேல் காத்திருந்தார். லிவர்பூல் 1990-க்கும் 2020-க்கும் நடுவே முப்பது ஆண்டுகள் காத்திருந்தது. ஒட்டிக்கொள்ள இதைவிட வசதியான அணிகள் எத்தனையோ இருந்தன.

ஆக, தோற்கும்போதும் கூட நிற்பவரே அசல் ரசிகர் என்று கட்டுரையை முடித்துவிடலாம். பெரும்பாலோர் அங்கேதான் முடிக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை, காரணம் தோல்விக்கும் ஒரு ருசி உண்டு. பத்து வருடம் தோற்ற அணியைப் பிடித்துக்கொண்டிருப்பவர் அந்தப் பத்து வருடத்தையே பதக்கமாகக் குத்திக்கொள்கிறார். "நாங்க படாத பாடா" என்று சொல்வதில் இருக்கும் பெருமை, ஜெயித்தவன் பெருமைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. தோல்வி ரசிகரைச் சோதிக்கிறது என்பது பாதி உண்மை. அது அவரைத் தியாகியாகவும் ஆக்கிவிடுகிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவது நல்லது. 2022 உலகக் கோப்பைக்கு முன்பு கோழிக்கோடு மாவட்டம் புள்ளாவூரில் ஆற்றின் நடுவே மெஸ்ஸிக்கு 30 அடி கட்-அவுட் எழுந்தது. சில நாட்களில் பிரேசில் கோஷ்டி நெய்மருக்கு 40 அடியில் ஒன்றை நிறுத்தியது. பின்னாலேயே அதைவிட உயரமாக ரொனால்டோ வந்தார். ஃபீஃபாவே அந்தப் படத்தை உலகத்துக்குக் காட்டியது. ஆற்றின் ஓட்டத்தை மறிக்கிறது என்று பஞ்சாயத்துக்குப் புகாரும் போனது. கட்-அவுட் கலாச்சாரத்தின் தாயகத்தில் வாழும் நமக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. கவனிக்க வேண்டியது அந்தப் போட்டி யாருக்கும் யாருக்கும் நடுவே என்பது. ப்யூனஸ் ஐரிஸுக்கும் ரியோவுக்கும் அதில் பங்கில்லை. பக்கத்துப் பக்கத்து வீடுகள் தங்களுக்குள் மோதிக்கொள்ள தூரத்து நாடுகளைக் கடன் வாங்கியிருந்தன. வங்கதேசத்திலும் இதே கதைதான், அங்கே அது அரசாங்கம் வரை எட்டியது. 1978-இல் மூடிய டாக்கா தூதரகத்தை அர்ஜென்டினா 2023 பிப்ரவரியில் மீண்டும் திறந்தபோது, உலகக் கோப்பை சமயத்தில் அங்கே பொங்கிய ஆதரவும் பேசப்பட்டது.

இதெல்லாம் அழகு, ஆனால் கிளப் அணியின் ரசிகர் வேறு ரகம். உலகக் கோப்பை நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் திருவிழா. கிளப் என்பது வருடத்துக்கு 38 லீக் ஆட்டம், அதற்கு மேல் கோப்பை ஆட்டங்கள். சாம்பியன்ஸ் லீக் என்றால் குளிர்காலத்தில் இரவு ஒன்றரை மணிக்குத் தொடக்கம், மறுநாள் காலை வேலை. நட்சத்திரத்தைப் பின்தொடர்பவர் இன்னொரு ரகம். மெஸ்ஸி 2021-இல் பார்சிலோனாவை விட்டுப் பாரிஸ் போனார், 2023-இல் மயாமி போனார். அவரோடு மூட்டை கட்டியவர்கள் கோடிக்கணக்கில் உண்டு. 2025 டிசம்பர் 13 அன்று அவர் கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்துக்கு வந்தபோது பிரமுகர்கள் சூழ்ந்து மறைத்துக்கொள்ள, அவரும் சீக்கிரமே கிளம்பிவிட்டார். ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் இருக்கைகளைப் பெயர்த்து எறிந்தார்கள். அது ஏமாந்த வாடிக்கையாளரின் கோபம், நியாயமான கோபம். அணியின் ரசிகருக்கு வரும் கோபம் வேறு மாதிரி இருக்கும்.

அது என்ன மாதிரி என்பதற்கு லிவர்பூலைப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் லிவர்பூல் ரசிகர்களில் ஒரு தலைமுறை 2005 மே 25 இரவில் பிறந்தது. இஸ்தான்புல்லில் ஏ.சி. மிலானிடம் முதல் பாதியில் 0–3 என்று பின்தங்கி, ஆறு நிமிடத்தில் மூன்று கோலையும் திருப்பி, பெனால்டியில் கோப்பை வென்ற இரவு. அந்த இரவைத் திரையில் பார்த்தவருக்கு லிவர்பூல் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. கொஞ்ச காலம் கூட இருந்தால் அவர் ஹில்ஸ்பரோவையும் அறிந்துகொள்கிறார். 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டில் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி, நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களில் இறந்தவர் எண்ணிக்கை காலப்போக்கில் 97. 'தி சன்' பத்திரிகை பழியை இறந்தவர்கள் மீதே போட்டது. ரசிகர்கள் மீது குற்றமில்லை, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று மரண விசாரணை நடுவர் குழு சொல்ல 2016 வரை ஆயிற்று. லிவர்பூல் பகுதியில் அந்தப் பத்திரிகையை இன்றும் பலர் தொடுவதில்லை. இவ்வளவும் தொலைதூர ரசிகருக்குத் தெரியும். 97 என்ற எண்ணைத் தன் படத்தின் கீழ் போட்டுக்கொள்வார். துக்கத்தில் பங்கு கொள்வது அரிய விஷயம்தான், சந்தேகமில்லை.

ஆனால் ஹெய்சல்? 1985 மே 29, பிரஸ்ஸல்ஸ், ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம், லிவர்பூலும் யுவெண்டஸும். ஆட்டம் தொடங்குமுன் லிவர்பூல் ரசிகர் கூட்டம் ஒன்று வேலியைத் தாண்டிப் பாய்ந்தது. பின்வாங்கி ஓடியவர்கள் சுவரோரம் நசுங்க, சுவர் இடிந்தது. 39 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இத்தாலியர்கள். பழுதடைந்த மைதானமும் கோட்டைவிட்ட காவல்துறையும் அதில் பங்காளிகள். ஆயினும் பாய்ந்தவர்கள் லிவர்பூல்காரர்கள். லிவர்பூல் ரசிகர்கள் 14 பேர் மரணம் விளைவித்த குற்றத்துக்காகத் தண்டனை பெற்றார்கள். ஆங்கில அணிகள் ஐந்து ஆண்டுகளும் லிவர்பூல் ஆறு ஆண்டுகளும் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன.

ஹில்ஸ்பரோவை அறிந்த தொலைதூர ரசிகரை எங்கும் பார்க்கலாம். ஹெய்சலைத் தானாகப் பேசுபவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றில் நாம் பாதிக்கப்பட்டவர்கள், மற்றதில் கை நம்முடையது. லிவர்பூல் நகரத்தாருக்கே இதைப் பேச நாளாயிற்று. இஸ்தான்புல் நடந்த அதே பருவத்தில், 2005 ஏப்ரல் 5 அன்று காலிறுதிக்கு யுவெண்டஸ் ஆன்ஃபீல்டு மைதானத்துக்கு வந்தது. ஹெய்சலுக்குப் பின் இரு அணிகளும் மோதிய முதல் ஆட்டம். லிவர்பூல் ரசிகர்கள் அட்டைகளைத் தூக்கிப் பிடித்து 'நட்பு' என்று இத்தாலிய மொழியில் எழுதிக் காட்டினார்கள். வந்திருந்த யுவெண்டஸ் ரசிகர்களில் ஒரு பகுதியினர் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். அட்டை பிடித்தவர்களில் பலர் 1985-இல் சிறுவர்களாக இருந்திருப்பார்கள், சிலர் பிறந்திருக்கவே மாட்டார்கள். தாங்கள் செய்யாத ஒன்றுக்காக, தங்கள் அணியின் பெயரில் தலை குனிந்தவர்கள் அவர்கள்.

வானும் பிரான்ஸ்கோமும் கேட்ட ஏழு கேள்விகளோடு நான் சேர்க்க நினைக்கும் எட்டாவது இதுதான்: இந்த அணியை நினைத்து நீ எப்போதாவது வெட்கப்பட்டிருக்கிறாயா? பிடிக்காத ஒன்று தப்பு செய்தால் கோபம் வரும், பார்த்து ரசிக்கிற ஒன்று தப்பு செய்தால் ஏமாற்றம் வரும். வெட்கம் வருவது தன்னுடையது என்று நினைத்த ஒன்று தப்பு செய்யும்போது மட்டும். குடும்பத்தில் ஒருவன் ஊர்ப்பணத்தைக் கையாடினால் அண்ணன் தம்பிகள் நாலு நாள் கடைத்தெருவுக்குப் போக மாட்டார்கள். அந்தக் கூச்சம்தான் உறவுக்குச் சாட்சி. வெற்றியைச் சொந்தம் கொண்டாட எவருக்கும் முடிகிறது, தோல்வியையும் அலங்கரித்துக்கொள்ளலாம். அவமானத்தை அலங்கரிக்க வழி இல்லை.

இதை வெளியூர்க்காரருக்கு மட்டும் நீட்டுவது நேர்மையாகாது. நம் வீட்டு அணியைப் பார்ப்போம். சென்னை சூப்பர் கிங்ஸை ராஞ்சிக்காரரை முன்னிறுத்தித்தான் தமிழ்நாடு தன்னுடையதாக்கிக்கொண்டது. 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டம் காரணமாகச் சென்னை ஆட்டங்கள் புனேவுக்கு மாறியபோது, சுமார் ஆயிரம் ரசிகர்கள் 'விசில் போடு எக்ஸ்பிரஸ்' என்ற தனி ரயிலில் புனே போனார்கள். இது அசல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் அந்த அணி ஏன் களத்திலேயே இல்லை? நிர்வாகத்தோடு தொடர்புடைய ஒருவர் ஆட்டங்களின் மேல் பந்தயம் கட்டியது உறுதியாகி, 2015 ஜூலை 14 அன்று நீதிபதி லோதா குழு இரண்டு ஆண்டு இடைநீக்கம் விதித்ததால். நான் கேட்ட பேச்சுகளில் அந்த இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் வனவாசமாகவே சொல்லப்பட்டன. வனவாசம் போனவர் நிரபராதி. இங்கே கதை அப்படி இல்லை. திரும்பி வந்த வருடமே கோப்பை வென்றதும் மிச்சமிருந்த கூச்சமும் கரைந்தது. நாயகன் தப்பே செய்ய மாட்டான் என்ற சினிமா ரசிகர் மன்ற இலக்கணம் விளையாட்டுக்கும் வந்துவிட்டதோ என்று தோன்றுகிறது.

ரசிகர் மன்றத்தைச் சொன்னதால் ஒன்று. ரஜினிகாந்தின் 'முத்து' 1998-இல் ஜப்பானில் வெளியாகி மாதக்கணக்கில் ஓடியது. அன்றிலிருந்து ரஜினி படம் வெளியானால் ஜப்பானிலிருந்து சென்னைக்கு விமானம் ஏறி வந்து முதல் காட்சி பார்ப்பவர்கள் உண்டு. அதற்காகத் தமிழ் கற்றவர்களும் உண்டு. அவர்களை 'பிளாஸ்டிக்' என்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை. திரையரங்க வாசலில் கேமராக்கள் முதலில் அவர்களைத்தான் தேடும். ஜப்பானியருக்கு நாம் கொடுக்கும் தாராளத்தை நம் ஊர் இளைஞனுக்குக் கொடுக்க மறுப்பது வேடிக்கை. தூரத்திலிருந்து வந்தால் பக்தி, தூரத்துக்குப் போனால் மோகம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம்.

அவமானத்தைச் சந்திக்கும் வாய்ப்பு கிளப் ரசிகருக்குக் குறைவில்லை. 2021 ஏப்ரல் 18 அன்று ஐரோப்பாவின் பன்னிரண்டு பெரிய அணிகள், அவற்றில் ஆறு இங்கிலாந்தைச் சேர்ந்தவை, தங்களுக்குத் தரமிறக்கமே இல்லாத சூப்பர் லீக் ஒன்றை அறிவித்தன. உள்ளூர் ரசிகர்களை 'மரபு ரசிகர்கள்' என்றும், தூரத்துப் புதியவர்களை 'வருங்கால ரசிகர்கள்' என்றும் அந்தத் திட்டக்காரர்கள் பிரித்துப் பேசியதாகச் செய்தி வந்தது. தொப்பூர்க்காரரின் பெயரைச் சொல்லி, அவரைக் கேட்காமலேயே, மான்செஸ்டர்க்காரரின் கழுத்தில் கை வைத்த வேலை அது. இரண்டே நாளில் செல்சி மைதானத்துக்கு வெளியே கூட்டம் சாலையை மறித்தது; அன்றிரவே ஆறு ஆங்கில அணிகளும் பின்வாங்கின. தூரத்திலிருப்பவர் சாலையை மறிக்க முடியாது. ஆனால் ஒன்று சொல்ல முடியும்: என் பெயரில் இதைச் செய்யாதே. அதைச் சொன்னவருக்கும், ஆட்டம் நல்ல நேரத்தில் வருமா என்று மட்டும் பார்த்தவருக்கும் உள்ள வேறுபாடு, ஜூலியானோட்டியின் இரு அச்சுகளிலும் அகப்படவில்லை. நியூகாசில் அணியை 2021 அக்டோபரில் சவூதி அரசின் முதலீட்டு நிதியம் வாங்கியபோது மைதான வாசலில் ஆடியவர்கள் ஊர்க்காரர்கள். அதை எதிர்த்துக் குரல் கொடுத்த சிறு கூட்டமும் ஊர்க்காரர்கள்தான். மண் இருவருக்கும் ஒன்றே.

உரிமையாளர் நம்மவரானால் அணி நம்முடையதாகிவிடுமா என்ற சோதனையும் நடந்து முடிந்துவிட்டது, அதுவும் கோழி வழியாக. 2010 நவம்பரில் புனேயைச் சேர்ந்த வெங்கீஸ் கோழி நிறுவனம் பிளாக்பர்ன் ரோவர்ஸை வாங்கியது. 1875-இல் பிறந்து, 1888-இல் உலகின் முதல் கால்பந்து லீகைத் தொடங்கிய பன்னிரண்டு அணிகளில் ஒன்றாக இருந்து, 1995-இல் பிரீமியர் லீக் வென்ற அணி. வாங்கிய அடுத்த மாதமே மேலாளர் சாம் அலர்டைஸ் நீக்கப்பட்டார். வீரர்கள் உடைமாற்றும் அறையில் கோழிக்கறி தின்னும் விளம்பரம் ஒன்றும் வந்தது. 2012 மே மாதம் அணி தரமிறங்கிய இரவில், யாரோ ஓர் உயிர்க்கோழிக்கு அணிக்கொடியைப் போர்த்தி மைதானத்துக்குள் விட்டார்கள். தொப்பூரிலிருந்து சேலம் வழியாக இறங்கினால் நாமக்கல், நாட்டின் பெரிய கோழிப்பண்ணை வட்டாரங்களில் ஒன்று. இந்தியக் கோழி வணிகம் இங்கிலாந்தின் பழம்பெரும் அணியைக் கையில் வைத்திருந்தும், இந்தப் பக்கம் பிளாக்பர்ன் ஜெர்சி போட்டவரைக் காண்பது அரிது. முதலாளியின் நாடு ஒட்டவில்லை. கோழியை விட்டவர்களின் வெட்கம், பணம் கொடுத்து வாங்க முடியாத ரகம்.

இவ்வளவுக்கும் பிறகு ஓர் ஆட்சேபணை பாக்கி இருக்கிறது, அதில் பலம் உண்டு. தூரத்து அணிக்காக ராத்திரி கண் விழிப்பவர் பக்கத்து அணியைப் பட்டினி போடுகிறாரே? சென்னை சிட்டி எஃப்.சி. 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு மைதானத்தில் மினர்வா பஞ்சாபை 3–1 என்று வென்று ஐ-லீக் சாம்பியனானது. தமிழ்நாட்டிலிருந்து எந்த அணியும் அதுவரை அந்த லீகை வென்றதில்லை. அந்தப் பருவத்தில் பெத்ரோ மான்ஸி 21 கோல் போட்டார். சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசெல் 26 விழுக்காடு பங்கு வாங்கியிருந்தது. தொப்பூரிலிருந்து சுமார் இருநூறு கிலோமீட்டர்; காலையில் பஸ் ஏறினால் மாலை ஆட்டத்துக்குப் போய்விடலாம். சில ஆண்டுகளில் அந்த அணி லீகிலிருந்தே மறைந்தது. அது மறைந்தபோது மாநிலத்தில் பெரிய சத்தம் எதுவும் எழவில்லை. 2015-இலும் 2018-இலும் ஐ.எஸ்.எல். கோப்பை வென்ற சென்னையின் எஃப்.சி.யின் பருவம் 2025-இல் உரிய காலத்தில் தொடங்கவே இல்லை, லீகின் வணிக ஒப்பந்தச் சிக்கலால்.

குற்றத்தை முழுக்கத் தூரத்து ரசிகர் தலையில் கட்டுவதற்கு முன் நார்வேயைப் பார்ப்பது நல்லது. 1969 நவம்பர் 29 அன்று வுல்வர்ஹாம்டனும் சண்டர்லாந்தும் ஆடிய ஆட்டத்தை நார்வே தொலைக்காட்சி நேரலையாகக் காட்டியது. அதிலிருந்து குளிர்காலச் சனிக்கிழமைகள் ஆங்கிலக் கால்பந்துக்கு என்று ஆகிவிட்டன. ஹான்ஸ் ஹொக்னஸ்டாட் என்ற நார்வே ஆய்வாளர், ஒரே ஆள் தன் ஊர் அணியையும் ஓர் ஆங்கில அணியையும் சேர்த்துச் சுமக்கும் இந்தப் பிளவுபட்ட விசுவாசத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஊர் அணி கோடையில் ஆடும், ஆங்கில அணி குளிரில், இரண்டும் மோதிக்கொள்ளவில்லை. அங்கே உள்ளூர் லீக் உறுதியாக நின்றதால் தூரத்து அணி இரண்டாம் காதலாக இருக்க முடிந்தது. இங்கே முதல் இடம் காலியாகக் கிடந்தது. கன்னியாகுமரிக் கடற்கரை ஊர்களும் வடசென்னை வியாசர்பாடியும் விதிவிலக்கு. அங்கே காலில் பந்து இருக்கிறது, தேசிய அளவில் ஆட ஆட்களும் கிளம்புகிறார்கள். தருமபுரி மாவட்டத்துப் பள்ளி மைதானங்களில் கிரிக்கெட் ஸ்டம்பும் கபடிக் கோடும் போக எஞ்சிய இடம்தான் கால்பந்துக்கு. பட்டினி போட்டது ரசிகர் மட்டும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எட்டாவது கேள்வியை நேர்மையாக எதிர்கொள்பவர், சென்னை சிட்டி மறைந்ததற்கும் கொஞ்சம் வெட்கப்பட்டாக வேண்டும்.

நார்வேயில் இப்போது மூன்றாம் தலைமுறை நடக்கிறது. தாத்தா 1969-இல் திரையில் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். பேரன் தேர்ந்தெடுக்கவில்லை, அவனுக்குக் கிடைத்தது. இந்தியாவிலும் அந்தக் கட்டம் தொடங்கிவிட்டது. 1990-களில் கேபிள் டிவி முன்னால் உட்கார்ந்து அணி பொறுக்கியவர்களுக்கு இன்று பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். பெக்கமும் ஸ்கோல்ஸும் அப்பாவுக்கு. பிள்ளை பார்ப்பது, ஆண்டுக்கு ஒரு மேலாளர் என்று மாறிக்கொண்டே, ஞாயிறு இரவு சோற்றுத் தட்டு முன்னால் அப்பாவைக் கத்த வைக்கும் பதினொரு பேரை. ஜெயிக்கிற பக்கம் ஒட்டிக்கொண்டாய் என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னால் அவனுக்குப் புரியப்போவதில்லை. அவனுக்கு மான்செஸ்டர் யுனைடெட் என்றால் அப்பா திட்டுகிற டீம். வேறு யாராவது திட்டினால் மட்டும் அப்பா சண்டைக்குப் போவார்.